அவள் முகத்தைக் காட்டாதேயும் என்று ஜெபித்தேன்

2008-ஆம் வருடம், பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையில் ஷீலா சாட்சி சொல்ல எழுந்து நின்றாள். "ஆபரேஷன்ல தெறந்த என் வயித்த கர்த்தர் மூடிட்டாரு. பையி இல்லாம நிக்கிறேன், பாருங்க" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அல்லேலூயா என்று சபை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. என் கணவரும் எழுந்து தட்டினார். அவர் கண்ணில் தண்ணீர். நான் கடைசி வரிசையில், கதவோரமாக, இடது கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் தட்டவில்லை.

பிரியமானவர்களே, அன்றைக்கு எனக்குள் பிடித்த நெருப்பைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன். அந்த நெருப்போடேயே நான் செய்த ஒரு ஜெபத்தையும், அதை ஆண்டவர் கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும்.

என் பெயர் ஜெயராணி. செம்மண்டலத்தில் குடியிருக்கிறோம். கணவர் தேவராஜ், செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஒரே மகன், அப்போது திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். நான் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். சேலையை என் தோளில் போட்டு, கொசுவம் வைத்துக் காட்டினால் சும்மா பார்க்க வந்தவர்களும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் முதல் குரல் என்னுடையது. எனக்கு இருந்த பெருமை இந்த இரண்டும்தான்.

2006-இல் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டேன். கடைசியில் புதுச்சேரியில் சோதித்துப் பார்த்துக் கேன்சர் என்றார்கள். மலக்குடலின் அடிப்பகுதியில் இருந்தது. மலம் போகும் வழியையே எடுத்துவிட்டுத் தைத்து மூடிவிட்டார்கள். குடலின் முனையை வயிற்றின் இடது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். ஸ்டோமா என்பார்கள். மலம் அதன் வழியாக வந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் பையில் விழும். அடக்க முடியாது. சொல்லாமல் வரும். சத்தத்தோடும் வரும். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், நன்றிதான். ஆனால் கொசுவம் சொருகும் இடத்திலேயே பை. கடை வேலையை விட்டேன். பாட்டுக் குழுவையும் விட்டேன். அமைதியான ஆராதனையில் என் வயிறு சத்தம் போடுமோ என்ற பயத்தில் கதவோரத்து நாற்காலிக்குப் போனேன்.

ஷீலா என்னைவிடச் சின்னவள். பாட்டுக் குழுவில் எனக்குப் பின்னால் நின்று பாடியவள். 2007-இல் அவளுக்கு டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. சிதம்பரத்தில் அவசரமாக ஆபரேஷன் செய்து, அவளுக்கும் வயிற்றில் பை வைத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டபோது எனக்குத் துக்கம் வந்தது. கூடவே, தனியாக இல்லை என்ற ஒரு நிம்மதியும் வந்தது. சில மாதங்கள் நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிரசங்கத்தின் நடுவே யார் வயிறாவது சத்தம் போட்டால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்போம். அந்த வியாதிக் காலத்தில் நான் சிரித்தது அவளோடு மட்டும்தான்.

ஆனால் அவளுடையது தற்காலிகப் பை. என்னுடையது ஆயுளுக்கும். அவள் குடல் ஆறியதும் உள்ளே சேர்த்துத் தைத்து வயிற்றை மூடிவிட்டார்கள். அவள் எழுந்து முன் வரிசைக்குப் போனாள். அந்த வருடம் ஈஸ்டருக்கு என் இடத்தில் நின்று, என் பாட்டை, முதல் குரலில் அவள் பாடினாள். நன்றாகவே பாடினாள். அதுதான் தாங்கவில்லை.

அதன் பிறகு அவளைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. கஞ்சி போட்ட காட்டன் சேலையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பாள். என் கண் நேரே அந்த இடுப்புக்குப் போகும். சபை விருந்தில் பயமில்லாமல் பிரியாணி சாப்பிடுவாள். நான் தயிர் சோற்றைப் பிசைந்துகொண்டு அவள் தட்டைப் பார்ப்பேன். புறப்பட்டுவிட்ட பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிப்பாள். ஓடுகிறாளே என்று இருக்கும். ஒரே ஆண்டவர், ஒரே சபை, ஒரே உபவாச ஜெபம். அவளுக்கு ஒரு பதில், எனக்கு ஒரு பதிலா?

2008 ஜூலையில் என் வயிற்றில் புதிதாக ஒரு தொல்லை வந்தது. ஸ்டோமாவைச் சுற்றி, குடலும் தோலும் சேருகிற விளிம்பில், சிவப்புச் சிவப்பாகச் சதை முளைத்தது. மாதுளை முத்து மாதிரி, ஈரமாக, கொத்தாக. தொட்டால் ரத்தம். துடைத்தால் ரத்தம். அந்த ஈரத்தில், பையைத் தோலோடு பிடித்துவைக்கும் அட்டை ஒட்டவில்லை. ஒட்டிய கொஞ்ச நேரத்தில் ஓரம் கிளம்பிவிடும், ஒழுகும், வாடை வரும். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஆயின்மென்ட் கொடுத்தார்கள். அந்தப் பிசுக்கில் சுத்தமாகவே ஒட்டாமல் போனது.

கேன்சர் திரும்பிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வயிற்றைக் கணவருக்கு ஒருநாளும் காட்டியதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பை மாற்றுவேன். ஆனால் நைட்டியில் பட்ட ரத்தத்தை அவர் பார்த்துவிட்டார். "என்னா ராணி இது?" என்றார். "ஒண்ணுமில்ல" என்று துணியைப் பக்கெட்டில் அமுக்கினேன். சபைக்குப் போவதை நிறுத்தினேன். கடைத்தெரு, மார்க்கெட் எல்லாம் நின்றுபோனது.

ஒருநாள் மத்தியானம், மாற்றிய பை அரை மணி நேரம்கூட நிற்காமல் ஒழுகிவிட்டது. ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, அவளுக்குச் செய்ததை எனக்கும் செய்யும். முடியாது என்றால் இனி அவள் முகத்தை என் கண்ணில் காட்டாதேயும்" என்றேன். ஆமென் சொல்லக்கூட மனம் வரவில்லை. எழுந்து முகம் கழுவினேன்.

வாசலில் காலிங்பெல் அடித்தது. கேஸ் சிலிண்டர்காரர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். ஷீலா நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, உள்ள கூப்புட மாட்டீங்களா?"

"என்ன விஷயம்?"

"மாமா சொன்னாரு. ரத்தம் வருதாமே."

"எந்த மாமா?" தெரிந்தேதான் கேட்டேன்.

"நம்ம தேவராஜ் மாமாதான். நேத்து பஸ் ஸ்டாண்டுல எங்க வூட்டுக்காரர பாத்து அழுதுட்டாராம்."

என் கணவர் எனக்காக அழுததைக்கூட இவள் வாயால் நான் கேட்க வேண்டியிருந்தது. கதவைப் பிடித்தபடியே நின்றேன். அவளோ உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் பையி இருக்கசொல்ல தோலு வெந்து புண்ணாப் போச்சுல்ல, அப்ப சிதம்பரத்துல வளர்மதி சிஸ்டர்தான் சரி பண்ணாங்க. பையி வெச்சவுங்கள பாக்கறதுக்குனே தனியா ட்ரெய்னிங் எடுத்த நர்ஸு அவுங்க. ரத்தம் வர்றதையும் பாப்பாங்க. ஒங்ககிட்ட அப்பவே அவுங்களப் பத்திச் சொன்னனேக்கா."

"ஒனக்கென்ன. மூடிட்டாங்க. பேசுவ."

அவள் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அவள் சொன்னாள்: "ஆமாக்கா. எனக்கு மூடிட்டாங்க. அதுக்காவ ஒங்க வூட்டுக்கு நான் வராம இருக்கணுமா?"

நான் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வியாழக்கெழம காலைல வர்றேன். கெளம்பி இருங்க" என்று சொல்லிவிட்டு அவளாகவே எழுந்து போனாள். கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த முகம் வேண்டாம் என்று கேட்டேனோ அந்த முகத்தையே ஆண்டவர் என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். கோபம் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. என் ஜெபத்தில் பாதியைத்தான் அவர் கேட்காமல் விட்டார். அவளுக்குச் செய்ததை எனக்கும் செய்யும் என்ற மீதிப் பாதியைக் கேட்டுவிட்டாரோ என்று.

வியாழக்கிழமை பஸ்ஸில் சிதம்பரம் போனோம். அவளுக்கு ஜன்னலோரம், எனக்கு நடைபாதை ஓரம். அவள் மடியில் ஒரு துணிப்பை. உள்ளே எனக்காக ஒரு மாற்றுச் சேலை, பாவாடை, பழைய துண்டு. வழியில் ஒழுகினால் என்ன செய்வது என்று நான் பயந்ததை அவள் யோசித்து வைத்திருந்தாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. செம்மங்குப்பம் தாண்டும்போது கம்பெனிகளின் வழக்கமான கெமிக்கல் வாடை அடித்தது. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு மட்டும் அந்தக் கொஞ்ச தூரம் நிம்மதி. அங்கே வாடை என்று யார் முகம் சுளித்தாலும் அது என்னால் இல்லை.

வளர்மதி சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம், மூக்கில் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும், "ஷீலா! வா வா. எங்க, தழும்ப காட்டு" என்று அவளைத்தான் முதலில் பார்த்தார். தழும்பைத் தடவிப் பார்த்து, "சூப்பரா ஆறியிருக்குது" என்று சந்தோஷப்பட்டார். நோயாளி நான், முதல் கவனிப்பு அவளுக்கு. எனக்குச் சுருக்கென்றது.

பிறகு என்னைப் படுக்கச் சொன்னார். உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் குனிந்து வயிற்றைப் பார்த்தார். ஈரத்துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலை அமுக்கி, அட்டையை வலிக்காமல் உரித்தார். நான் வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டையைத் திருப்பி, குடல் முனை நுழையும் துளையைப் பார்த்தார்.

"யாரு வெட்டுனது இத?"

"நான்தான் சிஸ்டர். ஒழுகக் கூடாதுனு நெருக்கமா வெட்டுவேன்."

"ரொம்ப நெருக்கமா வெட்டிட்டீங்க. நீங்க குனியசொல்ல, நடக்கசொல்ல, இந்த ஓரம் குடல தேய்ச்சுகினே இருக்குது. தேயிற எடத்த ஆத்துறதுக்கு ஒடம்பு சதைய வளக்குது. அந்தச் சதையும் தேயிது, மறுபடி வளருது. பாவாடை நாடா எங்க கட்டுறீங்க?"

"அதுமேலதான்."

"அதுவும் சேந்து அழுத்துது."

இத்தனை நாளாக யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "கேன்சரா சிஸ்டர்?"

"பாத்தா எனக்கு அப்டி தெரியல. ஆனா ஒங்களுக்கு ஏற்கனவே வந்திருக்குது. டாக்டர் பாத்து, ஒரு துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பி, அதுல ஒண்ணும் இல்லனு வந்தப்புறம்தான் நான் கை வைப்பேன்."

அன்றே சர்ஜன் பார்த்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினார். ரிசல்ட் வரும்வரை நான் இருந்த இருப்பை எழுத முடியாது. பொறாமைப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். அந்த நாட்களில் எனக்கு அது இல்லை. ஷீலா தினமும் போன் செய்தாள். இரண்டு மூன்று முறை எடுத்தேன். போனிலேயே ஜெபித்தாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் வந்தது. "கேன்சர் இல்லம்மா. உரசினதுல வளர்ந்த சதைதான். சிஸ்டர் பாத்துப்பாங்க" என்றார் டாக்டர். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு வார்த்தை வரவில்லை.

வைத்தியம் அதற்குப் பிறகு தொடங்கியது. சிஸ்டர் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவி மூடினார். நீளமான தீக்குச்சி மாதிரி ஒரு குச்சியை எடுத்தார். முனையில் சில்வர் நைட்ரேட் மருந்து. அதை ஒவ்வொரு சதை முண்டின்மேலும் வைத்து வைத்து எடுத்தார். சிவப்பு வெளுத்து, பிறகு சாம்பலாகிக் கறுத்தது. "சுருக்குனு இருக்குதா?" என்றார். விளிம்பில் மட்டும் கொஞ்சம் எரிந்தது. ஒரு முண்டுக்குள் பழைய தையல் நூலின் துணுக்கு ஒன்று மாட்டியிருந்தது. அதை இடுக்கியால் மெல்ல இழுத்து எடுத்தார். "இதுவும்தான் ஒங்கள பாடா படுத்தியிருக்குது" என்றார். பிறகு குடல் முனையை அளக்கும் அட்டையை வைத்துப் பார்த்து, குடலைத் தொடாமல் மெல்லிய இடைவெளி விட்டுத் துளை வெட்டிக் காட்டினார். ஈரம் இருக்கும் இடத்தில் பவுடர் தூவி, அதிகமானதைத் தட்டிவிட்டு, அட்டையை ஒட்டி, சூட்டில் பிடிக்கட்டும் என்று தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். வேற்று மனுஷி ஒருவரின் கை என் வயிற்றில் அருவருப்பில்லாமல் இருந்தது அன்றுதான். அந்தக் கையின் சூட்டில் நான் அழுதுவிட்டேன்.

வாரம் ஒருமுறை போகச் சொன்னார். கறுத்தவை உதிர்ந்தன. சில மறுபடி முளைத்தன. மறுபடி மருந்து வைத்தார். நடுவில் ஒருமுறை எல்லாம் வீண் என்று சோர்ந்துபோனேன். அடுத்த தடவை என் கணவர் லீவு போட்டு வந்து, வெளியே காத்திருந்தார். சிஸ்டர் எட்டிப் பார்த்து, "சார், வெளிய நின்னா எப்டி? உள்ள வாங்க. நீங்களும் கத்துக்கணும்" என்றார். நான் வேண்டாம் என்று தலையாட்டியதை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

அவர் வந்தார். பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதுக்கா ரெண்டு வருஷமா கதவ சாத்திகின?" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில், எனக்குள் அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். "ஷீலா சாட்சி சொன்னப்ப எழுந்து நின்னு கைதட்டுனீங்களே. அழுதீங்களே. அவளுக்காவ அவ்ளோ சந்தோஷமா?"

அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒனக்கு மூடலியேனு அழுதேன். எல்லாரும் நிக்கசொல்ல நானும் நின்னேன், நான் அழுவுறத நீ பாக்கக் கூடாதுனு."

புதுச்சத்திரம் வரைக்கும் அவர் கையை நான் பிடித்துக்கொண்டே வந்தேன்.

கிறிஸ்துமஸுக்குள் விளிம்பு சுத்தமாகிவிட்டது. ரத்தம் இல்லை. பை நாள்கணக்கில் நின்றது. எலாஸ்டிக் வைத்த பாவாடை தைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் பாட்டுக் குழுவில் ஷீலாவுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் குரல் அவளுடையதாகவே இருந்தது. யாரும் எனக்குத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் சரணத்தில் என் வயிறு சத்தம் போட்டது. ஷீலாவுக்குச் சிரிப்பு வந்து சுதி தப்பிவிட்டது. பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டோம்.

என் வயிறு மூடவில்லை. மூடப்போவதும் இல்லை. நான் கேட்டது அதைத்தான். ஆண்டவர் கொடுத்தது, நோய் திரும்பவில்லை என்ற செய்தியும், வளர்மதி சிஸ்டரின் கையும், சாத்தின கதவுக்கு உள்ளே வந்த என் கணவரும். இதைவிட அதிகமாகக் கேட்க எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

போன வருடம் வளர்மதி சிஸ்டர் போன் செய்தார். ஆபரேஷன் ஆன ஒரு பெண் தன் வயிற்றைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள், வந்து பேச முடியுமா என்றார். போனேன். கோமதி என்று பெயர், சிதம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. என்னைப் போலவே நிரந்தரப் பை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் அதிகம் பேசவில்லை. சேலையை ஒதுக்கி என் வயிற்றைக் காட்டினேன். திரும்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒங்களுக்கு மட்டும் எப்டி இவ்ளோ சுத்தமா இருக்குது?" என்றாள். கேள்வி இல்லை அது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"என்னப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்குதா?" என்று கேட்டேன்.

முதலில் இல்லை என்றாள். பிறகு, "ஆமா" என்றாள்.

"அப்ப அத அப்டியே ஆண்டவர்கிட்ட சொல்லு. நான் அப்டித்தான் சொன்னேன்" என்றேன். அவள் போர்வையைக் கொஞ்சம் இறக்கினாள்.

பிரியமானவர்களே, மனம் சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இருக்கிற மனதோடு போய் நில்லுங்கள். உடம்பில் புதிதாக எது முளைத்தாலும், ரத்தம் வந்தாலும், வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கென்று படித்தவர்களை ஆண்டவர் வைத்திருக்கிறார். நான் மறைத்த மாதங்களை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

கோமதி இப்போது கடைக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் ஷீலா சொந்த வீடு கட்டிக் குடிபோகிறாள். மாடி வீடு. பிரதிஷ்டை ஜெபத்தில் என்னைப் பாடச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். எனக்காகவும் கொஞ்சம் ஜெபித்துக்கொள்ளுங்கள்.